மூணு வயசுப் பிள்ளைக்கு எதுக்கு இன்டர்வியூ?

 

தைப்பூசம் முடிஞ்ச கையோட நம்ம பக்கம் இன்னொரு பாதயாத்திரை கிளம்பிடும். எல்கேஜி அட்மிஷன். விண்ணப்பம் எப்போ தருவாங்க, யாரைப் பிடிச்சா காரியம் நடக்கும்னு பெத்தவங்க பள்ளிப் பள்ளியா அலைவாங்க. இந்த வருஷம் எங்க வீட்டுலயும் அதே கதைதான்.

எங்க ஊர் கான்சாபுரம். (கூமாபட்டிக்குப் பக்கம்னு சொன்னா இப்ப எல்லாருக்கும் தெரியுது, ரீல்ஸ் புண்ணியம்!) அக்கா பையனுக்கு மூணரை வயசு. அவனைச் சேர்க்கணும்னு அக்கா ஆசைப்படுற பள்ளியில "இன்டராக்‌ஷன்" உண்டு. தேர்வுன்னு சொல்ல மாட்டாங்க. பிள்ளைகிட்ட கலர், பழம், உடம்பு உறுப்பு எல்லாம் இங்கிலீஷ்ல கேப்பாங்க. பெத்தவங்க என்ன படிச்சிருக்காங்க, என்ன வேலைன்னும் கேப்பாங்க. நான் பெங்களூர்ல சாஃப்ட்வேர் வேலையில இருக்கேன். அதனால ராத்திரி அரை மணி நேரம் வீடியோ கால்ல அவனைத் தயார் பண்ற பொறுப்பு எனக்கு.

ஒரு நாள் மாம்பழப் படத்தைக் காட்டி "வாட் இஸ் திஸ்?"னு கேட்டேன். "சப்பட்டை"ன்னான். ராஜபாளையம் பக்கத்து ஆளுங்களுக்குப் புரியும், அது எங்க ஊர் மாம்பழ ரகம். "அப்படிச் சொல்லக் கூடாது, மேங்கோன்னு சொல்லு"ன்னு அக்கா பின்னாடி இருந்து அதட்டுச்சு. அவன் என்னையே பாத்து, "மாமா, உனக்குத் தெரியாதா?"ன்னு கேட்டான்.

அவனைப் பொறுத்தவரை, தெரியாதவங்கதான் கேள்வி கேப்பாங்க. அவனும் அப்படித்தான் நாள் பூரா கேட்டுக்கிட்டே இருக்கான். பதில் தெரிஞ்ச பெரியவங்க, உன்னை எடை போட மட்டும் ஒரு கேள்வி கேப்பாங்கங்கிறது அவனுக்கு இன்னும் தெரியாது. அந்தப் பாடத்தைத்தான் மூணரை வயசுல நாம சொல்லிக் கொடுக்கிறோம். இது சரியா?

சுவாமிமலைக் கதையை இந்த இடத்துல நினைச்சுப் பாருங்க. சின்னப் பையன்தானேன்னு பிரம்மா முருகனைக் கண்டுக்காம நடந்தார். பிரணவத்துக்குப் பொருள் கேட்டு, பதில் வரலைன்னதும் குட்டிச் சிறையில போட்டான் நம்மாளு. அந்தக் கதையில தேர்வு பெரிய பதவியில இருந்தவருக்கு. அடுத்து அப்பன் வர்றார். அவருக்குத் தெரியாத பொருளா? ஆனாலும் "உனக்குத் தெரியுமா பாப்போம்"னு அதிகாரி மாதிரி உக்காரலை. சீடனா இறங்கி, காதைக் கொடுத்துக் கேட்டார். ஒரு குழந்தை என்ன சொல்லுதுன்னு கேக்கணும்னா அப்படித்தான் இறங்கணும். மேஜைக்கு அந்தப் பக்கம் உக்காந்து மார்க் போடுறவர் காதுல "சப்பட்டை" விழாது.

சட்டமும் ஏறக்குறைய இதைத்தான் சொல்லுது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தோட 13-வது பிரிவுப்படி, சேர்க்கையின்போது பிள்ளையையோ பெத்தவங்களையோ வடிகட்டித் தேர்ந்தெடுக்கக் கூடாது. மீறினா முதல் தடவை 25,000 ரூபாய் வரை, அப்புறம் ஒவ்வொரு தடவையும் 50,000 வரை அபராதம். ஆனா ஒரு ஓட்டை இருக்கு. அந்தச் சட்டம் 6 முதல் 14 வயசு வரைக்கும்தான். பணம் கட்டிச் சேர்ற நர்சரி இடங்களுக்கு அது பொருந்தாதுன்னு 2013-ல டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லிடுச்சு. நர்சரிக்கும் இதைக் கொண்டுவர யோசிக்கணும்னும் சேத்தே சொன்னாங்க. ஆக, இருக்கிறதுலயே சின்னப் பிள்ளைகளுக்குத்தான் பாதுகாப்பு குறைவு. 25 சதவீத இட ஒதுக்கீட்டுல போகலாமேன்னா, அதுக்கு 1 கிலோமீட்டர் தூரக் கணக்கு இருக்கு. கான்சாபுரத்துல இருந்து அந்தப் பள்ளிக்கு வேன்லதான் போகணும். எங்க கணக்கு அங்கயே முடிஞ்சது.

இதெல்லாம் சொன்னதுக்கு அக்கா ஒரே கேள்வி கேட்டுச்சு. "தமிழ் மீடியத்துல படிச்சிட்டுப் போய், காலேஜ் முதல் வருஷம் இங்கிலீஷ் புரியாம போன்ல அழுதியே தம்பி, அப்ப எந்த முருகன் கதை உனக்குச் சோறு போட்டுச்சு? என் பிள்ளை மட்டும் ஏன்டா சும்மா நிக்கணும்?"

எனக்கு உடனே பதில் வரலை. அக்கா கேக்கிறது நியாயம். திருச்செந்தூர் சூரசம்ஹாரத்துல முன்னாடி நிக்கிறவர் பிள்ளையைத் தோள்ல தூக்கினா, பின்னாடி இருக்கிறவரும் தூக்கித்தான் ஆகணும். கடைசியில எல்லாப் பிள்ளையும் தோள்ல, எல்லா அப்பனுக்கும் கழுத்து வலி, முன்ன தெரிஞ்சதை விடக் கூட எதுவும் யாருக்கும் தெரியாது. அதுக்காக நான் மட்டும் என் பிள்ளையைக் கீழ இறக்குறேன்னு எந்த அப்பனால சொல்ல முடியும்? ஜப்பான்லயும் இதே கதைதான். பேர்போன தொடக்கப் பள்ளிகள்ல சேர அஞ்சு, ஆறு வயசுப் பிள்ளைகளுக்குத் தேர்வு, அதுக்குத் தனிப் பயிற்சி வகுப்பு. "ஓஜூகென்"னு பேரே வச்சிருக்காங்க.

தேர்வே தப்புன்னு நான் சொல்ல வரலை. எட்டாம் வகுப்புல என்எம்எம்எஸ் தேர்வு இருக்கு. பாஸாகித் தேர்வானா ஒன்பதுல இருந்து பன்னிரண்டு வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் ராத்திரி கண் முழிச்சுப் படிச்சு எழுதுறாங்க. பதிமூணு வயசுப் பிள்ளைக்குத் தான் எதுக்குப் படிக்கிறோம்னு தெரியும், தோத்தாலும் அது ஒரு பரீட்சைன்னு புரியும். மூணரை வயசுக்கு அது புரியாது. தன்னை வேண்டாம்னு சொல்லிட்டாங்கன்னு மட்டும்தான் புரியும். அதோட, அந்த வயசுல பள்ளி சோதிக்கிறது பிள்ளையை இல்லை, வீட்டை. வீட்டுல இங்கிலீஷ் இருக்கா, பீஸ் கட்ட வழியிருக்கா, அவ்வளவுதான். மில்லுல ஷிஃப்ட் பாக்கிற எங்க மச்சானை மார்க் போட, பையனை எதுக்கு உக்கார வைக்கணும்?

எந்த வீட்டுல பிறந்தேங்கிறதை ஒரு பிள்ளையோட தகுதியா எழுதுறது பாவம்னுதான் எனக்குப் படுது. அந்தப் பாவம் அக்கா மேல இல்லை, கதவுல நின்னு பிரிக்கிறவங்க மேல. ஆனா வீட்டுக்குள்ள நாம என்ன பண்றோங்கிறது நம்ம கையில இருக்கு. அதுக்காக அக்காகிட்ட ரெண்டு விஷயம் பேசி வச்சிருக்கேன். இங்கிலீஷ் சொல்லித் தர்றேன், சந்தோஷமா. அவனுக்குத் தெரிஞ்சதோட அது கூடணும். "சப்பட்டை" தப்புன்னு மட்டும் யாரும் சொல்லக் கூடாது. ரெண்டாவது, சீட் கிடைக்கலைன்னா அந்தப் பேச்சு அவன் காதுல விழவே கூடாது. சொந்தக்காரங்க வந்து துக்கம் விசாரிக்கிற மாதிரி விசாரிப்பாங்க, அவங்களை வாசல்லயே வச்சுப் பேசி அனுப்பிடணும். அக்கா அரைமனசா சரின்னுச்சு. மச்சான் சிரிச்சார்.

இப்ப ராத்திரி அரை மணி நேரத்துல பாதி நேரம் கேள்வி அவனோடது. மயில் பறக்கும்போது முருகன் எதைப் பிடிச்சுக்குவார்னு நேத்து கேட்டான். எனக்குத் தெரியலை. உங்கள்ல யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க, அவன்கிட்ட சொல்லிடறேன்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா.