தனுஷ்கோடியில் சிரிக்கலாமா?



பொங்கல் விடுமுறையில் நம் பங்கு இளைஞர் பத்துப் பேர் இராமேசுவரம் தீவுக்கு உல்லாசப் பயணம் போனதும், அவர்களோடு நானும் போனதும் உங்களில் பலருக்குத் தெரியும். "சாமியும் கடலில் குளித்தாராமே!" என்று சிலர் பேசிக்கொண்டது என் காதிலும் விழுந்தது. குளித்தேன். அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பயணத்தில் நடந்த வேறொரு காரியம் இன்னும் என் மனதை விட்டு அகலவில்லை.

அந்தப் பத்துப் பேரும் பனியன் கம்பெனிகளில் வேலை செய்பவர்கள். ஒருவன் கட்டிங், சிலர் ஓவர்லாக், மற்றவர்கள் செக்கிங், அயர்ன், பேக்கிங். ஆடி மாதம் முதற்கொண்டு சனிக்கிழமைச் சம்பளத்தில் ஆளுக்கு நூறு ரூபாய் ஒதுக்கி வைத்துத்தான் வேன் பிடித்தார்கள். "இந்தப் பணத்தை உருப்படியாகச் செலவழிக்கக் கூடாதா?" என்று நம் பெரியவர் ஒருவர் என்னிடம் வருத்தப்பட்டார். எனக்கு அது சம்மதமில்லை. ஷிப்மெண்டு நெருங்கினால் இரவு பகல் பாராமல் ஒன்றரை ஷிப்டு, இரண்டு ஷிப்டு நிற்கிற பிள்ளைகள் அவர்கள்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த அர்ச். தோமாஸ் அக்குயினார் தமது பெரிய வேதசாஸ்திர நூலில் விளையாட்டையும் வேடிக்கையையும் பற்றித் தனியே விசாரிக்கிறார். அங்கே ஒரு கதையை எடுத்துக்காட்டுகிறார். அர்ச். அருளப்பர் தம் சீடரோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு சிலர் முகஞ்சுளித்தார்களாம். அருளப்பர் அவர்களில் ஒருவனிடம் வில்லை வளைத்து அம்பு எய்யச் சொன்னார். அவன் பலமுறை எய்தான். "ஓயாமல் இப்படியே எய்ய முடியுமா?" என்று கேட்டார். "வில் ஒடிந்துபோகும்" என்றான் அவன். மனித மனமும் அப்படித்தான் என்றார் அருளப்பர். வேடிக்கையே அறியாமல், பிறர் சிரிப்பையும் கெடுக்கிறவனைக் குற்றவாளி என்றே அக்குயினார் சொல்கிறார். இதை அந்தப் பெரியவரிடமும் சொன்னேன். அவர் நம்பினாரோ என்னவோ!

ஆயினும் அதே அக்குயினார் விளையாட்டுக்குச் சில வரம்புகள் வைக்கிறார். அது இழிவானதாய் இருக்கலாகாது. மனம் தன் நிதானத்தை அடியோடு இழந்துவிடலாகாது. மூன்றாவது, ஆளுக்கும் காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்றதாய் இருக்கவேண்டும். முதல் இரண்டையும் பற்றி எனக்குக் கவலை இருக்கவில்லை. நம் பிள்ளைகள் நல்லவர்கள். இடம் என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் நான் அகப்பட்டுக்கொண்டேன்.

தனுஷ்கோடியின் கதை உங்களுக்குத் தெரிந்ததே. 1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறந்தபின், சென்னையிலிருந்து வரும் போட் மெயில் வண்டி அந்தக் கரைவரை ஓடிற்று. அங்கே கப்பலேறினால் தலைமன்னார். தபாலாபீஸ், சுங்கச் சாவடி, பள்ளி, கோவில், கடைத்தெரு எல்லாம் இருந்த ஊர். 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி இரவு, கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு மூன்றே நாள் இருக்கையில், புயல் அடித்தது. பாம்பனிலிருந்து வந்த 653-ஆம் எண் பயணி வண்டியைக் கடல் விழுங்கிற்று. அதில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஊரும் போயிற்று. மனிதர் குடியிருக்கத் தகாத இடம் என்று சர்க்கார் அறிவித்துவிட்டது. அதற்குப் பிறகும் மீனவர் சிலர் குடிசை போட்டு அங்கேதான் பிழைக்கிறார்கள். நெடுங்காலம் மணலில் ஜீப்பும் வேனும்தான் தட்டுத்தடுமாறிப் போய்வந்தன. 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை போட்டபின் கூட்டத்துக்குக் குறைவில்லை.

நாங்களும் போனோம். ஒரு பக்கம் அலையடங்கிய பெண்கடல், மறுபக்கம் இரைச்சலிடும் ஆண்கடல். பெண்கடலில் குளித்து, பொரித்த மீன் சாப்பிட்டு, இடிந்துகிடக்கும் பழைய கோவிலுக்கு வந்தோம். பவளக் கல்லால் கட்டிய சுவர்கள் கூரையின்றி நிற்கின்றன. பிள்ளைகள் பாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்து ஆடினார்கள். பிறகு பீடம் இருந்த இடத்தில் வரிசையாக நின்று, "சாமி, நீங்களும் வாங்க" என்று கூப்பிட்டார்கள். போய் நடுவில் நின்று சிரித்தேன். படம் நன்றாக வந்திருக்கிறது.

ஒன்பது பேர்தான் அதில் இருக்கிறார்கள். பத்தாவது பையன் தலைவலி என்று வேனிலேயே இருந்துவிட்டான்.

திரும்பும் வழியில், பரமக்குடி தாண்டி எல்லோரும் தூங்கியபின், அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னான். அவனுடைய பாட்டி பிறந்தது தனுஷ்கோடி. பாட்டியின் தகப்பனார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். திருநாளுக்குத் துணி எடுக்கத் தாயாரோடு தங்கச்சிமடம் போயிருந்ததால் பத்து வயதுச் சிறுமி பிழைத்தாள். தகப்பனும் இரண்டு அண்ணன்மாரும் போய்விட்டார்கள். உடல்கூடக் கிடைக்கவில்லை.

"ஏன் தம்பி முன்பே சொல்லவில்லை?" என்றேன்.

"எல்லாரும் சந்தோஷமா இருந்தாங்க, சாமி. கெடுக்க வேணாமுன்னு இருந்துட்டேன்."

நாங்கள் செய்தது பாவமா? பாவம் அல்ல என்று வாதாட இடமுண்டு. அறுபது வருஷம் கடந்துவிட்டது. இறந்தோர் கிடக்காத மண் உலகில் எது? வேளாங்கண்ணிக் கரையில் 2004 டிசம்பர் 26-ந் தேதி பல நூறு யாத்திரிகரை ஆழிப்பேரலை கொண்டுபோயிற்று; இன்றும் நம் குழந்தைகள் அங்கே அலையில் காலை நனைத்துக் கூத்தாடுகிறார்கள். அதை யாரும் குறைசொல்வதில்லை, நானும் சொல்லமாட்டேன். துக்கம் நடந்த இடமெல்லாம் சிரிப்புக்கு ஆகாது என்றால், நாம் சிரிக்க வேறு உலகத்துக்குத்தான் போகவேண்டும்.

அதோடு, நாங்கள் அறியாமல் செய்தோம். அறியாமை குற்றத்தை நீக்கும் என்று குருமடத்தில் படித்திருக்கிறேன். ஆனால் அங்கேயே இன்னொன்றும் படித்தேன். நீக்கமுடியாத அறியாமை வேறு, முயன்றால் நீக்கியிருக்கக்கூடிய அறியாமை வேறு. இங்கேதான் வாதம் இடறுகிறது. அந்தப் பையனோடு ஐந்து வருஷமாக ஒரே வரிசையில் ஓவர்லாக் ஓட்டுகிற சிநேகிதர்கள் அவனை "ராம்நாடு" என்றே கூப்பிடுகிறார்கள். ராம்நாட்டில் எந்த ஊர் என்று ஒருவனும் கேட்டதில்லை. நம் திருப்பூரே வெளியூரார் வந்து நிரம்பிய ஊர். தேனி, சிவகங்கை, ஒடிசா, பீகார் என்று பக்கத்து மெஷினில் ஆள் மாறிக்கொண்டே இருக்கிறது. பீஸ் கணக்குக் கேட்கிறோம். எந்தக் கம்பெனியில் கூலி அதிகம் என்று கேட்கிறோம். எதை இழந்து இங்கே வந்தாய் என்று கேட்பதில்லை. ஒரு சிநேகிதன் தலைவலி என்று பொய் சொல்லி ஒளிந்துகொள்ள வேண்டியிருந்தது என்றால், அந்த இடத்தின் குறை மணலில் இல்லை, எங்களிடத்தில்தான் இருந்தது.

பிள்ளைகளைச் சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்வது நியாயமல்ல. ஊர் திரும்பிய மறுநாள் பங்குக் குடும்பப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். இரண்டு வருஷத்துக்கு முன் அவர்கள் லைன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நானே எழுதியது. பாட்டியின் பெயருக்கு எதிரே, பிறந்த ஊர்: தனுஷ்கோடி. என் கையெழுத்துத்தான். எழுதினேன், அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

அன்று மாலையே அந்த அம்மாளைப் பார்க்கப் போனேன். மன்னிப்புக் கேட்கும் எண்ணத்தோடுதான் போனேன். அவர் அதற்கு இடமே கொடுக்கவில்லை. "எந்தப் பக்கம் குளிச்சீங்க சாமி, ஆண்கடலா, பெண்கடலா?" என்றார். பெண்கடல் என்றேன். "அது குளமுல்ல!" என்று வாய்விட்டுச் சிரித்தார். மீன் சாப்பிட்டோமா, என்ன மீன், என்ன விலை என்று விசாரித்தார். பேரன்தான் போகத் தயங்கினான், "போய்ப் பாத்துட்டு வாடா" என்று நான்தான் அனுப்பினேன் என்றார்.

பிறகு படத்தைக் கேட்டார். கூச்சத்தோடு காட்டினேன். நாங்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பதை அவர் கவனித்ததாகத் தோன்றவில்லை. என் தோளுக்குப் பின்னால் தெரிந்த சுவரின்மேல் விரலை வைத்து, "இந்தப் பக்கந்தான் நாங்க ஞானோபதேசம் படிக்க உக்காருவோம், இங்க ஒரு சன்னல் இருக்குமே, இருக்கா?" என்று கேட்டார். நான் கவனிக்கவில்லை என்று சொன்னேன்.

அடுத்த தடவை வேனில் ஒரு இடம் இருந்தால் சொல்லச் சொல்லியிருக்கிறார்.