லாரிக்காரரும் நம் தராசும்



கிள்ளானில் உள்ள நம் கடைக்கு வாரம் இருமுறை லாரியில் வெங்காயமும் பருப்பும் வந்து இறங்குகின்றன. சில மாதங்களுக்கு முன் ஒரு நாள், காலை ஆறு மணிக்கு வரவேண்டிய லாரி ஒன்பதரைக்குத்தான் வந்து சேர்ந்தது. அதற்குள் நாம் லாரிக் கம்பெனிக்கு மூன்று முறை போன் செய்துவிட்டோம். மூன்றாவது முறை சற்றுக் கடுமையாகவே பேசிவிட்டோம். லாரி வந்து நின்றது, டிரைவர் இறங்கவில்லை. போய்ப் பார்த்தால் ஸ்டியரிங் மேல் நெற்றியைச் சாய்த்துக் கண்ணயர்ந்துவிட்டார். தட்டி எழுப்பினோம்.

"கோவிச்சுக்காதீங்க பாய். நேத்துக் காலையில பினாங்கு போயிட்டு ராத்திரி பத்து மணிக்குத்தான் திரும்பினேன். உடனே துறைமுகத்துக்குப் போகச் சொல்லிட்டாங்க. சாமான் ஏத்த விடிய விடியக் காத்துக் கிடந்தேன்" என்றார்.

"காத்துக் கிடந்ததுக்கு என்ன தருவாங்க தம்பி?" என்று கேட்டோம்.

"டிரிப்புக்குத்தான் காசு பாய். காத்திருக்கிறதுக்கு ஒண்ணும் கிடையாது. லேட்டுன்னு நீங்க போன் பண்ணீங்களாமே, அதுக்கு அம்பது வெள்ளி வெட்டிட்டாங்க."

அவர் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் நாமும் பதிலுக்கு ஏதாவது சொல்லி மறந்திருப்போம். மழை பெய்கிறது என்பதைப் போலச் சொன்னார். அன்று முதல் ஒரு கேள்வி நம்மை விடாமல் தொடர்கிறது. அந்த ஐம்பது வெள்ளியை வெட்டியது யார்? கம்பெனியா, நாமா?

முதலில் நமக்குத் தோன்றிய பதில் சுலபமானது. அவர் நம் ஆள் அல்லர். நாம் கம்பெனிக்கு வாடகை கொடுக்கிறோம். கம்பெனி அவருக்குச் சம்பளம் கொடுக்கிறது. நம் பேரேட்டில் அவர் பெயரே இல்லை. வியாபார வழக்கில் இந்தப் பதிலில் குற்றம் காண முடியாது. ஆயினும் மனம் ஒப்பவில்லை. ஏன் ஒப்பவில்லை என்பதைத்தான் இங்கே எழுத முற்படுகிறோம்.

கோலாலம்பூரில் செங்கல் சூளைகள் இருந்ததால்தான் பிரிக்பீல்ட்ஸுக்கு அந்தப் பெயர் வந்தது. 1881-ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் பட்டணத்தை அழித்தபின், அத்தாப்புக் குடில்கள் இருந்த இடத்தில் செங்கல் கட்டடங்கள் எழும்பின. அக்காலத்தில் பாரம் இழுத்தது மாட்டுவண்டி. மாட்டுக்குக் களைப்பு வந்தால் படுத்துக்கொள்ளும். எந்த முதலாளி சத்தம் போட்டாலும் எழாது. வண்டிக்காரனும் கூடவே இளைப்பாறினான். 1901-இல் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் 1972-இல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாறிற்று. அடுத்த ஆண்டே கண்டெய்னர் பெட்டிகள் வந்து இறங்கின. 2023-இல் அத்துறைமுகம் கையாண்டது, இருபதடிப் பெட்டிக் கணக்கில், சுமார் 1 கோடியே 40 லட்சம். இவற்றில் சாலை வழியே போகும் பெட்டிகளை இழுப்பது லாரி எஞ்சின். எஞ்சினுக்குக் களைப்பு கிடையாது. இன்று களைப்படையக் கூடியது டிரைவரின் உடம்பு ஒன்றுதான். அந்த உடம்போ மாட்டைப் போலப் படுத்துக்கொள்ளத் துணிவதில்லை. படுத்தால் டிரிப்பு போய்விடும்.

பெரிய கம்பெனிகளில் இன்னொரு விஷயம் உண்டு. நம் கடைப் பையன் மத்தியானம் நம்மோடு அமர்ந்து சாப்பிடுகிறான். காய்ச்சல் என்றால் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்கிறோம். நூற்றுக்கணக்கான லாரிகள் ஓடும் கம்பெனியில் டிரைவரின் முகத்தை முதலாளி பார்ப்பதில்லை. அவருக்கு டிரைவர் என்பவர் திரையில் நகரும் ஒரு புள்ளி. லாரி எங்கே நிற்கிறது, எவ்வளவு வேகம் என்பதைப் புள்ளி காட்டும். ஓட்டுபவர் எத்தனை மணி நேரமாகத் தூங்கவில்லை என்பதைக் காட்டாது. முகத்தைப் பார்ப்பவர்கள் சரக்கை ஏற்றுபவர்களும், இறக்கிக்கொள்ளும் நாமும்தான். பார்க்கிற நாமே பாராமுகமாக இருந்தால், பார்க்காதவர்மேல் குறை சொல்லி என்ன பயன்?

சட்டம் இல்லாமல் இல்லை. நம் நாட்டில் 1955-ஆம் ஆண்டுத் தொழில் சட்டம் 2023 முதல் வார வேலையை 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைத்தது. தொடர்ந்து ஐந்து மணி நேரம் வேலை செய்தவருக்கு அரை மணி ஓய்வு தரவேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. ஐரோப்பிய நாடுகளில் நாலரை மணி நேரம் ஓட்டிய லாரிக்காரர் முக்கால் மணி ஓய்வெடுத்தே தீரவேண்டும். ஆஸ்திரேலியாவின் பெரும்பாலான மாநிலங்களில் 2014 முதல் அமலில் உள்ள கனரக வாகனச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. டிரைவர், கம்பெனி ஆகியோரோடு, சரக்கை அனுப்பியவர், ஏற்றியவர், பெற்றுக்கொண்டவர் எல்லாரும் அச்சட்டத்தின் கீழ் ஒரே சங்கிலியின் கண்ணிகள். முடியாத நேரத்துக்குள் சரக்கு வேண்டும் என்று நெருக்கியவர் கடைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாலும் பதில் சொல்ல வேண்டியவரே.

2025 மே 13 அன்று தெலுக் இந்தானில் நடந்ததை நாம் மறக்கவில்லை. கல் ஏற்றி வந்த லாரியும் கலகத் தடுப்புப் போலீஸ் வண்டியும் மோதி ஒன்பது போலீஸ்காரர்கள் மாண்டனர். போக்குவரத்து அமைச்சின் பணிக்குழு விசாரித்தபோது ஸ்டியரிங் கோளாறும் அளவுக்கு மிஞ்சிய பாரமும் வெளிப்பட்டன. அளவுக்கு மிஞ்சிய பாரம் எப்படி உண்டாகிறது? "போகிற வண்டிதானே, இன்னும் இருபது மூட்டை போட்டு அனுப்புங்கள்" என்று ஒருவர் கேட்க, மற்றொருவர் தலையாட்டுவதால் உண்டாகிறது. அப்படிக் கேட்டவர்களில் நாமும் உண்டு. ஒளித்துப் பயனில்லை.

அளவை நிறுவையில் மோசம் செய்வோரை எச்சரித்து ஓர் அத்தியாயமே இறங்கியிருப்பதை மதரஸாவில் சிறு பிள்ளைகளாக ஓதினோம். ஆகையால் தராசு விஷயத்தில் நாம் ஜாக்கிரதையாக இருக்கிறோம். கால் கிலோ பருப்பில் பத்துக் கிராம் குறைந்தால் மனம் பதைக்கிறது. ஆனால் அந்தப் பருப்பு கடைக்கு வந்து சேர்ந்த வழியில் ஒரு மனிதரின் ஓர் இரவுத் தூக்கம் குறைந்துவிட்டது. அதை எந்தத் தட்டில் வைத்தோம்? வாங்குகிறவருக்கு நிறைத்துக் கொடுத்து, கொண்டு வந்தவருக்குக் குறைத்துக் கொடுத்தால் தராசு நேராக நிற்கிறது என்று சொல்லலாமா?

இதற்கு மறுப்பும் உண்டு. அதையும் மறைக்கலாகாது. "டிரைவர்களே கூடுதல் டிரிப்பு கேட்கிறார்கள், அவர்கள் சம்மதித்துச் செய்வதை நாம் ஏன் தடுக்கவேண்டும்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். உண்மைதான், கேட்கிறார்கள். குறைந்தபட்ச ஊதியம் 2025-இல் 1,700 வெள்ளியாக்கப்பட்டது. வாடகை, பள்ளிச் செலவு, லாரி ஓட்டும்போது வெளியில் சாப்பாடு எல்லாம் போக அந்தத் தொகை இந்தப் பள்ளத்தாக்கில் எவ்வளவு நாள் தாங்கும் என்பது கடை வைத்திருக்கும் நமக்குத் தெரியாததல்ல. தூங்கினால் சோறு குறையும், தூங்காவிட்டால் உயிர் போகும் என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தவரைப் பார்த்து, "அவர் சம்மதித்தார்" என்று சொல்வது முறையன்று. டிரிப்புகளைத் தடு என்று நாம் சொல்லவில்லை. காத்திருக்கும் மணிக்கும் கூலி உண்டு என்றால், அவர் தாமே நிதானமாக ஓட்டுவார் என்கிறோம்.

"வாடகை ஏறும், போட்டியில் நாம் நிற்க முடியாது" என்பது அடுத்த மறுப்பு. கணக்குப் போட்டுப் பார்த்தோம். பத்து டன் சரக்கு என்பது பத்தாயிரம் கிலோ. அந்த லாரிக்கு நூறு வெள்ளி கூடுதலாகக் கொடுத்தால் கிலோவுக்கு ஒரு சென் ஏறும். அந்த ஒரு சென்னை நாம் 2008-ஆம் ஆண்டிலிருந்தே கல்லாவில் ஐந்தாக்கியோ பூஜ்யமாக்கியோ விட்டுவிடுகிறோம். எண்ணவும் சோம்பற்பட்ட காசுக்காகவா ஒரு மனிதரை இரவெல்லாம் விழித்திருக்கச் செய்கிறோம்?

எல்லாவற்றையும் நம்மால் மாற்ற முடியாது. கையளவு காரியங்கள் சில உண்டு. நம் வாசலுக்கு வந்த லாரியைக் காக்க வைக்காமல் உடனே சரக்கை இறக்குவது ஒன்று. தாமதம் ஏன் என்று டிரைவரைக் கேட்காமல் கம்பெனிக்குப் போன் செய்யாதிருப்பது ஒன்று. பாரத்துக்கு மேல் பாரம் கேட்காதிருப்பது ஒன்று. காத்திருப்புக் கூலியைப் பில்லில் தனி வரியாகக் காட்டும்படி கம்பெனியைக் கேட்டு, அது டிரைவர் கையில் சேர்ந்ததா என்று அவரிடமே விசாரிப்பது ஒன்று. ஒரு கடை கேட்டால் சிரிப்பார்கள். கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்திலும் உள்ள கடைகள் சேர்ந்து கேட்டால் சிரிக்க மாட்டார்கள்.

அந்த டிரைவர் அடுத்த வாரமும் வந்தார். வெட்டப்பட்ட ஐம்பது வெள்ளியை அவர் கையில் கொடுத்தோம். முதலில் வாங்க மறுத்தார். "இது தருமம் இல்லை தம்பி, எங்க கடன்" என்று சொன்ன பிறகே வாங்கிக்கொண்டார். அந்தக் கடன் தீர்ந்தது. நம் கணக்கில் வராமலே போன பழைய இரவுகளின் கடன் இருக்கிறது; அது யார் யாருக்கு என்று நம் பேரேட்டில் எழுதிவைக்கவில்லை. எழுதாவிட்டாலும் கேட்கப்படும் என்று நம்புகிறவர்கள் நாம். இனி வரும் லாரிகளுக்காவது கணக்கை நேராக வைப்போமாக.