பங்காளியின் முறை

காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் குறித்த கருத்துக்கேட்புக் கூட்டம் 2023 செப்டம்பர் 5 அன்று நடப்பதாக இருந்து, ஒத்திவைக்கப்பட்டது. 330 ஏக்கர்த் துறைமுகத்தை 6,111 ஏக்கராக்கும் திட்டம் அது. துறைமுகம் வளர்ந்தால் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்கிறது ஒரு தரப்பு. பழவேற்காடு ஏரியின் முகத்துவாரம் கெட்டால் வலைக்கு வேலை இருக்காது என்கிறது ஏரிக்கரை. இந்த வழக்கு காட்டுப்பள்ளி, பழவேற்காடு வட்டாரத்தோடு முடிவதன்று. தன் இலக்கை நோக்கி நடப்பவன் அடுத்தவன் இலக்குக்கு எவ்வளவு கடமைப்பட்டவன் என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது. அடுத்தவன் பிழைப்பைத் தாங்கி நிறுத்தாத முன்னேற்றம் அறமாகாது என்பதே விடை.

இந்த விடையைப் பழவேற்காட்டு மீனவர்கள் தொழிலாகவே செய்து காட்டியிருக்கிறார்கள். அதன் பெயர் பாடு. முகத்துவாரத்தை ஒட்டிய சில இடங்களில்தான் இறால் நன்றாகப் படும். எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை கட்டினால் ஒருவருக்கும் மிஞ்சாது. ஆகவே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் முறைவைத்துக் கொண்டன. பங்காளிகள் சீட்டுப் போட்டு இடம் பிரித்தார்கள். இன்று நல்ல இடத்தில் நிற்பவர் நாளை அதை விட்டு விலகுவார். விலகுவதை அவர் தியாகமாகச் சொல்லிக்கொள்வதில்லை. பங்காளியின் முறையைக் காத்தால்தான் தன் முறையும் நிலைக்கும் என்று அவருக்குத் தெரியும். ஐ.நா.வின் உணவு, வேளாண்மை நிறுவனமே 1991இல் இம்முறையைப் பற்றித் தனி ஆய்வு வெளியிட்டது.

நம் நூல்கள் சொல்வதும் இதுவே. வள்ளுவர் ஒப்புரவுக்கு ஓர் அதிகாரமே வைத்து, அறிவுடையவன் செல்வத்தை நீர் நிறைந்த ஊருணியோடு ஒப்பிட்டார். அடுத்தவர் பொருளையும் தம்பொருள்போல் பேணுவதே வாணிகம் என்று வணிகருக்கும் வரம்பு கட்டினார். காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் பெருமையாகப் பட்டினப்பாலை பாடுவதும் அந்த நடுநிலையைத்தான். கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி என்ற பாண்டியன், தனக்கென முயலாமல் பிறர்க்கென முயல்வோரால்தான் இவ்வுலகம் நிற்கிறது என்று புறநானூற்றில் பாடிவைத்தான். துறைமுகம் கட்டுவோர் படிக்க வேண்டிய பாட்டு அது.

தன் குடும்பம், தன் கடன், தன் பிள்ளையின் படிப்பு என்று ஒருவன் முதலில் தன்னைப் பார்த்துக்கொள்வதும் நியாயம்தான். வேலை கேட்கும் இளைஞரைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அந்த வேலைக்கு விலையாக ஏரியையே கேட்பவரிடம் அந்த நியாயம் செல்லாது.

ஆனால் பாடு முறைக்கும் ஒரு கறை உண்டு. அதை மறைத்துப் பேசுவது அறமாகாது. பாடு உரிமை பட்டினவர் என்ற மீனவச் சமூகத்து ஆண்களுக்கே என்று அம்முறை வரம்பிட்டது. சேற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கு அந்தச் சீட்டில் பெயரில்லை. இறாலுக்கு ஏற்றுமதி விலை வந்தபின் மற்றச் சமூகத்தாரும் வலையோடு ஏரிக்கு வந்தார்கள்; பகை மூண்டது. உள்ளே பங்காளிக்கு நீண்ட கை, வெளியே நின்றவருக்கு நீளவில்லை.

துறைமுகத்தை எதிர்த்து ஏரியைக் காக்க நிற்கும் குப்பத்துப் பெரியவர்களே, இருளரையும் பெண்களையும் உங்கள் கூட்டத்தில் உட்காரவையுங்கள். ஏரி யாருக்கு என்று அரசு கேட்கும்போது அவர்கள் குரலும் உங்களோடு சேர்ந்து ஒலிக்கட்டும்.