சால்வையில் வல்லமை உண்டா?



உபவாச ஜெபம் முடிந்த பிறகும் நம் சபைச் சகோதரிகள் சிலர் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து சால்வை பின்னுகிறதைப் பார்த்திருப்பீர்கள். வியாதிப்பட்டவருக்கு ஒன்று, துக்கத்தில் இருப்பவருக்கு ஒன்று. யாருக்கோ அவருடைய பெயரைச் சொல்லி ஜெபித்துக்கொண்டே பின்னுகிறார்கள்.

ஆரம்பத்தில் ஒரு சகோதரர் சிரித்தார். "பாஸ்டர், இது என்ன கொடைக்கானலா? திண்டுக்கல் வெயில்ல யாருக்கு சால்வை?" என்றார். கேள்வி நியாயந்தான். ஆனால் டயாலிசிஸ் செய்கிறவர்களைப் போய்ப் பாருங்கள். ரத்தம் வெளியே போய் மெஷினில் சுத்தமாகித் திரும்புகிற அந்த நாலு மணி நேரத்தில் பலருக்குக் குளிரெடுக்கும். வெளியே சித்திரை வெயில், உள்ளே நடுக்கம்.

ஜெப சால்வை என்கிற ஊழியத்தை அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஜேனட் பிரிஸ்டோ, விக்டோரியா காலோ என்ற இரண்டு பெண்கள் 1998-ல் தொடங்கினார்கள். பல நாட்டுச் சபைகளுக்கு அது பரவியது. ஆனால் யோப்பா பட்டணத்துத் தபீத்தாள் விதவைகளுக்கு வஸ்திரம் செய்து கொடுத்தது அதற்கெல்லாம் எவ்வளவோ முந்தி! (அப். 9:39)

பிரியமானவர்களே, இப்போது ஒரு காரியத்தை அறிக்கை செய்ய வேண்டும். ஒரு சகோதரியின் கணவருக்கு நோய் முற்றியிருந்தது. சால்வையைக் கொடுக்கும்போது நான், "அம்மா, பவுலின் உறுமால்களைப் போட்டபோது வியாதி ஓடிப்போச்சு. விசுவாசத்தோடு போர்த்துங்க" என்றேன். இரவும் பகலும் போர்த்தினார்கள். அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்கம் முடிந்த சில நாளில் அந்த அம்மா சால்வையைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்தார்கள். "ஐயா, இத வேற யாருக்காவது குடுத்திருங்க. துணி மேல குத்தமில்ல. என் விசுவாசந்தான் பத்தல" என்றார்கள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆறுதலுக்கென்று பின்னியதை நான் ஒரு பாரமாக்கி அந்த அம்மாவின் தலையில் வைத்துவிட்டேன்.

வேதத்தைத் திறந்தேன். எபேசுவிலே பவுலின் சரீரத்திலிருந்து கொண்டுபோன துணிகளால் தேவன் விசேஷித்த அற்புதங்களைச் செய்தார் (அப். 19:11,12). அது உண்மை, அல்லேலூயா! ஆனால் அதே பவுல் பிற்பாடு சிறையிலிருந்து எழுதுகிறதைக் கவனியுங்கள். எபேசியனாகிய துரோப்பீமுவை வியாதியாகவே மிலேத்துவில் விட்டு வந்ததாகச் சொல்கிறார். துரோவாவில் வைத்துவந்த மேலங்கியைக் கொண்டுவரச் சொல்கிறார். மாரிகாலத்துக்கு முன்னே வந்துசேரும்படி தீமோத்தேயுவைக் கேட்கிறார் (2 தீமோ. 4). யாருடைய துணி பிறரைச் சுகமாக்கினதோ, அவருக்கே குளிருக்கு ஒரு மேலங்கி தேவைப்பட்டது! அதைக் கேட்டதால் பவுலுக்கு விசுவாசக் குறைவு என்று சொல்வீர்களா?

துணியில் வல்லமை இல்லை. வல்லமை தேவனுடையது. அவர் சித்தங்கொண்டால் துணியைக்கொண்டும் செய்வார். மோசே செய்த வெண்கலச் சர்ப்பத்தைக் கொண்டு தேவன் ஜனங்களைப் பிழைக்கப்பண்ணினார். பிறகு ஜனங்கள் அதற்கே தூபங்காட்டினபோது எசேக்கியா ராஜா அதை உடைத்துப் போட்டார் (2 இராஜா. 18:4). நாமும் சால்வையைத் தாயத்தாக்கினால், கையில் கறுப்புக் கயிறு கட்டுகிறவர்களைப் பார்த்துப் பேச நமக்கு என்ன யோக்கியதை?

அப்படியானால் சால்வையில் என்னதான் இருக்கிறது? ஒரு சகோதரி உங்களை நினைத்து உட்கார்ந்த மணிநேரங்கள் இருக்கின்றன. மேடையில் விருந்தினருக்குப் போர்த்துகிற பொன்னாடையைக் கடையில் ஐந்து நிமிஷத்தில் வாங்குகிறோம். அவரும் ஐந்து நிமிஷத்தில் கழற்றி வைத்துவிடுகிறார். இந்தச் சால்வையோ அப்படியல்ல, மேடை ஏறவே முடியாதவர்களுக்காகப் பொறுமையாய்ப் பின்னியது. யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் பேசாமல் கூட உட்கார்ந்திருந்தவரைக்கும் அவர்கள் நல்ல ஆறுதல்காரர். வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்தபோதுதான் காரியம் கெட்டது. நானும் அதைத்தான் செய்தேன்.

அந்தச் சால்வையைத் திரும்ப எடுத்துக்கொண்டு அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். "மன்னிச்சிருங்கம்மா. குறை உங்க விசுவாசத்துல இல்ல, என் பேச்சுலதான். இது சுகமாக்குற துணி இல்ல. நாங்க உங்ககூட இருக்கோம்னு சொல்ற துணி" என்றேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதார்கள். நானும் ஒன்றும் பேசவில்லை.

ஆகவே சகோதரிகளே, தொடர்ந்து பின்னுங்கள். நம் ஊர் வெயிலுக்குப் பருத்தி நூலே போதும். சகோதரர்களே, கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை உங்களுடையது. சுகத்துக்காகத் தைரியமாய் ஜெபியுங்கள், ஆனால் கர்த்தர் சொல்லாததை அவர் பேரில் வாக்குக் கொடுக்காதிருங்கள். அந்த வீட்டில் அரிசி இருக்கிறதா, ஆஸ்பத்திரிக்கு பஸ் செலவுக்குக் காசு இருக்கிறதா என்றும் பாருங்கள். அதைப் பார்க்காமல் சால்வையை மட்டும் போர்த்திவிட்டு வந்தால், யாக்கோபு கண்டிக்கிற வெறும் வார்த்தையைத்தான் (யாக். 2:16) நாமும் நூலில் பின்னியிருப்போம்.

சகலவிதமான ஆறுதலின் தேவன் தாமே உங்கள் கைகளை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.