ஆளில்லை என்றார்கள்!

"வண்டி இருக்கிறது, ஆளில்லை!" பணிமனை வாயிலிலே நின்று கேட்போருக்கு இன்று கிடைக்கும் விடை இதுதான். ஓட்ட ஆளில்லை, சீட்டுக் கிழிக்க ஆளில்லை. ஆகவே காலை வண்டி வரவில்லை, மாலை வண்டியும் ஐயம்! 2018 ஜனவரியிலே ஒரு வாரம் நீண்ட வேலைநிறுத்தம். 2020 மார்ச்சிலே கொரோனா ஊரடங்கு. 2024 ஜனவரியிலே, பொங்கல் நெருங்கிய வேளையில், மீண்டும் வேலைநிறுத்தம். ஒவ்வொரு முறையும் சக்கரங்கள் நின்றன, மெல்ல மெல்லச் சுழலத் தொடங்கின. ஆனால் ஓய்வு பெற்றுச் சென்றோர் விட்ட இடங்கள் பல காலியாகவே கிடந்தன. "சேவை சீரடைகிறது" என்கிறது அறிக்கை. "ஆளில்லை" என்கிறது பணிமனை.

வேலை கேட்டு வீதியெல்லாம் இளைஞர்கள் நிற்கும் நாட்டிலே ஆளில்லை என்றால் என்ன பொருள், தோழர்களே? ஓட்டுநர் உரிமத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேறு வேலை பார்ப்பவன் ஆளில்லையா? நாம் யாரை ஆளென்று எண்ணுகிறோமோ, அவர் நாம் கொடுக்க விரும்பும் கூலிக்குக் கிடைக்கவில்லை. இவ்வளவு நீண்ட வாக்கியத்தைச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் ஒற்றைச் சொல்லில் முடித்துக்கொள்கிறார்கள்!

என் நண்பரொருவர் இதைக் கேட்டுச் சிரித்தார். பகுத்தறிவிலே என்னினும் தீவிரமானவர். "வருந்தாதே! பற்றாக்குறை நல்ல ஆசான். ஆள் கிடைக்காத இடத்திலே சாதி பார்க்க முடியாது. பெண்ணென்று ஒதுக்க முடியாது. ஆயிரம் மேடைப் பேச்சு சாதிக்காததைத் தேவை ஒரே நாளில் சாதித்துவிடும்" என்றார். கேட்க இனிமையாக இருக்கிறது. மனிதனின் மனத்தை நம்பாமல் அவன் வயிற்றையும் வசதியையும் நம்பும் வாதம். ஆகவே நம் இளைஞர்களுக்கு எளிதில் பிடித்துவிடுகிறது. ஆனால் தேவையால் திறந்த கதவு உரிமையால் திறந்த கதவாகுமா? இதற்கு ஏட்டுத் தத்துவம் தேட வேண்டாம். பேருந்தின் வரலாறே சான்று கூறும்.

1914-ல் மூண்ட உலகப்போர் இலண்டன் நகரத்துப் பேருந்துத் தொழிலாளர்களைப் போர்க்களத்துக்கு அள்ளிச் சென்றது. ஆளில்லை! 1916 முதல் பெண்கள் நடத்துநர்களாக ஆயிரக்கணக்கில் அமர்த்தப்பட்டனர். அதுவரை பெண்ணுக்கு ஏற்றதல்ல என்று சொல்லப்பட்ட வேலை ஏற்றதாகிவிட்டது. ஓட்டுநர் இருக்கையை மட்டும் தரவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 1918 ஆகஸ்டில், ஆடவருக்கு வாரம் 5 ஷில்லிங் போர்க்காலப் படி உயர்ந்தது. அதே வேலை செய்த பெண்களுக்கு இல்லை. பெண்கள் வண்டிகளை நிறுத்தினார்கள். வேலைநிறுத்தம் பல ஊர்களுக்குப் பரவிற்று, படியைப் பெற்றுவிட்டார்கள். அவ்வாண்டு நவம்பரிலே போர் முடிந்தது. 1919 முடிவதற்குள் அந்தப் பெண்கள் வண்டியிலிருந்து இறக்கப்பட்டார்கள். திறமை குறைந்ததா? ஒழுங்கு தவறியதா? எதுவுமில்லை, ஆடவர் திரும்பிவிட்டனர்! அழைத்து வந்த தேவையே வெளியேற்றியும் விட்டது.

"அது பழங்கதை" என்பார் நண்பர். சரி, அடுத்த போருக்குப் பின் நடந்ததைப் பார்ப்போம். மீண்டும் இலண்டனிலே ஆளில்லை. 1956-ல் இலண்டன் போக்குவரத்து நிறுவனம் கடல் கடந்து பார்படோஸ் தீவிலே ஆட்களைச் சேர்க்கத் தொடங்கிற்று. பயணச் செலவு கடனாகத் தரப்பட்டு, பிறகு ஊதியத்திலே பிடிக்கப்பட்டது. நண்பரின் வாதம் இங்கே வென்றது போலத் தோன்றும். ஆனால் அதே நாட்டின் மேற்கே உள்ள பிரிஸ்டல் நகரிலும் பேருந்துக்கு ஆள் பற்றாக்குறை இருந்தது. ஆள் தேடக் கடல் கடக்க வேண்டிய தேவையும் இல்லை. மேற்கிந்தியத் தீவினர் அந்நகரிலேயே வாழ்ந்தனர், வேலை கேட்டனர். ஆயினும் பிரிஸ்டல் ஆம்னிபஸ் கம்பெனி — தனியார் முதலாளியின் கம்பெனியன்று, அரசுடைமையான நிறுவனம் — ஓட்டுநராகவோ நடத்துநராகவோ கறுப்பரை ஏற்க மறுத்தது.

1963-ல் பால் ஸ்டீபென்சன் என்ற இளைஞர் தொலைபேசியில் கேட்டார்: வேலை காலி உண்டா? உண்டு என்றார்கள். கை பெய்லி என்ற பதினெட்டு வயது இளைஞருக்கு நேர்காணல் குறிக்கப்பட்டது. வருபவர் மேற்கிந்தியர் என்று தெரிந்தது. நேர்காணல் இல்லை! காலியிடம் இருக்கிறது, தகுதியுள்ளவன் வாயிலில் நிற்கிறான், நிறுவனமோ ஆளில்லை என்கிறது.

நிர்வாகம் சொன்ன காரணம் வியப்பானது: கறுப்பரைச் சேர்த்தால் வெள்ளைத் தொழிலாளர் விலகுவர், பற்றாக்குறை இன்னும் பெருகும்! கதவைத் திறக்கும் என்று நண்பர் நம்பும் அதே பற்றாக்குறை, கதவைச் சாத்துவதற்கும் சாக்காக நின்றது காணீர்.

தொழிற்சங்கமாவது நீதியின் பக்கம் நின்றதா? அதுதான் வேதனை. கறுப்பரைப் பேருந்துப் பணியிலே சேர்க்கலாகாது என்று சங்கத்தின் உள்ளூர்ப் பிரிவு 1955-லேயே தீர்மானம் போட்டிருந்தது. அந்தத் தொழிலாளரை இனவெறியர் என்று இரண்டு சொல்லில் ஏசிவிட்டு நகர்வது எளிது. நான் அவ்வாறு நகர விரும்பவில்லை. அடிப்படை ஊதியம் குறைவு. மிகைநேர வேலைக்குக் கிடைக்கும் கூலியால்தான் குடும்பம் ஓடிற்று. ஆட்கள் நிறைந்துவிட்டால் மிகைநேரம் போய்விடும்! பற்றாக்குறையே அவர்களுக்குப் பாதி ஊதியமாக இருந்தது. குறைந்த கூலி கொடுத்தவனை எதிர்க்க வேண்டிய கோபம், கூலியே இல்லாமல் வெளியில் நின்றவன் மேல் பாய்ந்தது. நிறவெறிக்கு இந்தக் கணக்கு நல்ல போர்வையாயிற்று.

ஏப்ரல் இறுதியிலே ராய் ஹாக்கெட் முதலிய மேற்கிந்தியத் தோழர்களும் ஸ்டீபென்சனும் பேருந்துப் புறக்கணிப்பை அறிவித்தார்கள். 1955-56-ல் அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரிலே 381 நாள் நடந்த புறக்கணிப்பு அவர்களுக்கு வழிகாட்டிற்று. மாணவர்கள் ஊர்வலம் வந்தனர். நான்கு மாதம் நீண்டது போர். ஆகஸ்ட் 28 அன்று கம்பெனி நிறத்தடையை நீக்கிற்று. வாஷிங்டன் நகரிலே மார்ட்டின் லூதர் கிங் தம் கனவை உலகுக்குச் சொன்னதும் அதே நாள்தான். செப்டம்பர் 17-ல் ரக்பீர் சிங் என்ற சீக்கியர் நடத்துநர் பையைத் தோளில் மாட்டினார். ஆண்டுக் கணக்கில் இருந்துவந்த பற்றாக்குறை திறக்காத கதவு அது. அதைத் திறக்க நான்கு மாதப் போராட்டம் தேவைப்பட்டது. வேலையமர்த்தலிலே நிற வேற்றுமை காட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1968-ல் வந்தது. பழைய சங்கத்தின் வழித்தோன்றலான யுனைட் சங்கம் 2013-ல் மன்னிப்புக் கேட்டது. ஐம்பது ஆண்டு கழித்து!

வெள்ளையன் கதை என்று நாம் விரலை நீட்ட வேண்டாம். 1997-ல் தென் மாவட்டத்திலே புதிய போக்குவரத்துக் கழகம் ஒன்றுக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டது. அவர் பிறந்த சாதியைக் காரணம் காட்டி, அந்தப் பெயர் எழுதிய வண்டியில் ஏறமாட்டோம் என்று கிளம்பியவர் எந்நாட்டார்? கலவரம் மூண்டது, உயிர்கள் போயின. முடிவில் எல்லாத் தலைவர் பெயரையும் எல்லாக் கழகங்களிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். பேருந்து வேண்டும், ஊருக்குப் போக வேண்டும் என்ற தேவை சாதி உணர்ச்சியைக் கரைத்ததா? அவசரமாகப் போக வேண்டியவனும் பக்கப் பலகையைப் படித்துவிட்டு நடந்தான்!

இனி இன்றைய நிலைக்கு வருவோம். நான் ஆசிரியன், பேருந்து வராத நாளின் விலை என் வகுப்பறையிலே தெரியும். முதல் பாடவேளையிலே காலியாகக் கிடக்கும் பலகைகள் பெரும்பாலும் தொலைவிலிருந்து வரும் பெண் பிள்ளைகளுடையவை. வண்டி வரவேண்டும் என்பதிலே எனக்கு இரண்டாவது எண்ணமில்லை. எவ்வாறு வரவேண்டும் என்பதிலேதான் கேள்வி. வேலைநிறுத்தக் காலத்திலே தற்காலிக ஓட்டுநரைக் கொண்டு வண்டிகளை இயக்கினார்கள். ஒப்பந்த முறையில் ஆள் அமர்த்துவதை எதிர்த்து 2023 மே மாதம் சென்னையிலே தொழிலாளர் திடீரென வண்டிகளை நிறுத்தினார்கள். ஒப்பந்த ஓட்டுநர் யார்? 1916-ன் இலண்டன் பெண்! தேவை உள்ளவரை ஆள். தேவை தீர்ந்தால் எவரோ.

ஆகவே தொழிலாளரின் சினத்தை நான் பாதி ஏற்கிறேன். நிலையான வேலையை நிலையற்றதாக்கும் ஏற்பாட்டை எதிர்க்கத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சினம் ஒப்பந்தத்தை விட்டு ஒப்பந்தத்திலே வந்த மனிதன் மேல் பாயுமானால், நாமும் பிரிஸ்டல் சங்கத்தின் தீர்மானத்தையே தமிழில் எழுதியவர்களாவோம். அவனையும் சங்கத்திலே சேர்த்து, அவனுக்கும் அதே ஊதியம், அதே பாதுகாப்பு என்று கேட்பதுதான் நேரிய வழி. கடினமான வழி என்பதையும் ஒப்புகிறேன். மிகைநேரக் கூலியை நம்பிக் கடன் வாங்கியவனிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

2025 மார்ச்சிலே 3,274 ஓட்டுநர், நடத்துநர் இடங்களுக்கு விண்ணப்பம் கேட்டார்கள். நல்லது, ஆள் வரட்டும். எத்தனை வண்டி கிளம்பிற்று என்று எண்ணி, சீரடைந்துவிட்டது என்று எழுதுவோர், கிளம்பிய வண்டியை ஓட்டுபவர் எத்தனை மணி நேரம் உறங்கினார், அடுத்த ஆண்டும் அந்த இருக்கை அவருடையதா என்றும் எண்ணி எழுதட்டும்.

2021 மே முதல் நம் பெண்கள் நகரச் சாதாரணப் பேருந்துகளிலே கட்டணமின்றிச் செல்கிறார்கள். வண்டி நிறையப் பெண்கள். ஓட்டுநர் இருக்கையிலே பெண்ணைக் காண்பது இன்றும் அரிது. குமரி மாவட்டத்து வசந்தகுமாரி 1993-ல் அரசுப் பேருந்தின் ஓட்டுநரானார். அன்று ஆடவரெல்லாம் போர்க்களம் போய்விடவில்லை. ஓட்ட ஆளில்லை என்று எவரும் அவர் வீடு தேடி வரவுமில்லை. எனக்கு ஓட்டத் தெரியும், வேலை கொடுங்கள் என்று அவரே போய்க் கேட்டார்.