தேய்ந்ததும் எஞ்சியதும்

பழம்பொருளொன்றைப் பேணிக் காக்கும்போது, அப்பொருளின் அழகைக் காக்கின்றோமா, அது ஆற்றிய தொண்டைக் காக்கின்றோமா? பயணிகளைச் சுமந்த பழைய இரயில் பெட்டிகள் இவ்வினாவை எழுப்புகின்றன.

புதுதில்லியில் 1977ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற தேசிய இரயில் அருங்காட்சியகத்தில், மைசூர் மன்னருக்கென 1899இல் அமைக்கப்பெற்ற பெட்டி உள்ளது. அது நிலைத்தமைக்கு வேலைப்பாடு மட்டுமே காரணம் அன்று. மன்னர் புறப்படும் நாளில் மட்டும் ஓடிய பெட்டி அது, ஆகவே தேயவில்லை. மூன்றாம் வகுப்புப் பெட்டியோ நாள்தோறும் நெரிசலைச் சுமந்தது. அதில் பயணம் செய்வோர் படும் துன்பத்தைக் காந்தியடிகள் 1917இல் எழுதினார். 1974இல் இந்தியாவில் அவ்வகுப்பே ஒழிந்தது. உழைத்துத் தேய்ந்த பெட்டிகள் உடைக்கப்பட்டன. மிகுதியாக உழைத்தது மறைய, குறைவாக உழைத்தது எஞ்சிற்று.

பெரம்பூரில் 1955இல் தொடங்கிய தொழிற்சாலையின் எஃகுப் பெட்டிகளுக்கும் ஏறத்தாழ 25 ஆண்டுகளே பணிக்காலம். அதன் பின்னரும் சில, சன்னல்கள் அடைக்கப்பட்டுக் கார்களை ஏற்றிச் செல்லும் சரக்குப் பெட்டிகளாக உழைக்கின்றன. அவ்வமைப்பிலான புதிய பெட்டிகளைச் செய்வது 2018இல் நின்றது.

இவ்வுண்மை கூலிம் வட்டாரத் தோட்டத் தமிழர்க்கு அயலானதன்று. பால்மரக் காட்டில் உழைத்தோரின் லயங்கள் இடிந்தன. துரை பங்களாக்கள் சில எஞ்சின. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் இரயில் பாதை அமைக்க மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டு செல்லப்பட்டனர். சரக்குப் பெட்டிகளில் அடைத்து ஏற்றப்பட்டோர் பலர். திரும்பாதோர் மிகப் பலர். அவர்களைச் சுமந்த பெட்டி இதுவென்று இன்று காட்ட வல்லார் யார்?

எல்லாப் பெட்டிகளையும் காத்தல் இயலுமோ எனின், இயலாது. ஆயினும் அரச பெட்டிக்கு அருகே சாமானியர் பெட்டி ஒன்றேனும் நிற்றல் வேண்டும். உளுத்த பலகையை மாற்றலாம், கூரையைச் செப்பனிடலாம். ஆனால் எண்ணற்றோர் அமர்ந்து வழவழப்பான இருக்கையையும், கைபட்டுத் தேய்ந்த பிடியையும் புதுவண்ணம் பூசி மறைத்தல் தகாது. அத்தேய்வே அப்பெட்டியின் வரலாறு.

எஞ்சியவை மட்டுமே வரலாறு எனக் கொள்வது, உழைத்தோர்க்கு இழைக்கும் இரண்டாவது அநீதியாகும். மாணவரை அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், இங்கு இருப்பவை எவை என்று காட்டுவதோடு அமைதல் கூடாது. இங்கு இல்லாதவை எவை, அவை ஏன் இல்லை என்றும் வினவுதல் வேண்டும்.