அணையாத் தீயும் அதனை அணைத்தோரும்

காஸ்பியன் கடலுள் நீண்டு கிடக்கும் அப்ஷெரோன் குடாநாட்டில், பாக்கு நகருக்கு அண்மையில் சுரகானி என்றோர் ஊர் உண்டு. அங்கே நிலவெடிப்புகளிற் கசிந்த எரிவாயு நூற்றாண்டுக்கணக்கில் எரிந்துகொண்டிருந்தது. விறகிட்டவர் இல்லை, எண்ணெய் வார்த்தவர் இல்லை. வாணிகத்தின் பொருட்டு அங்குச் சென்ற இந்தியர் 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் அத்தீயைச் சூழக் கோயிலும் யாத்திரிகர் தங்கும் அறைகளும் அமைத்தனர். தேவநாகரியிலும் குர்முகியிலும் பொறித்த கல்வெட்டுகள் அச்சுவர்களில் இன்றும் உள்ளன.

இத்தகைய இடங்களைப் பற்றிப் பேசுமிடத்து நம்மவருட் சிலர் ஓர் எளிய முடிவுக்கு விரைந்துவிடுகின்றனர்: அறியாமை தீயை வணங்கிற்று, விஞ்ஞானம் வந்தது, தெய்வம் மறைந்தது. பரீட்சை விடைத்தாளுக்கு இது போதும். ஆனால், எரிவது மீத்தேன் வாயுவே என்று மனிதன் கண்டறிந்தபோது அத்தீ அணைந்துவிடவில்லை. விளக்கம் பெற்ற பின்னரும் அது முன்போலவே எரிந்தது.

1850களின் இறுதியில் கோயிலுக்கு அருகிலேயே மண்ணெண்ணெய் ஆலை எழுந்தது. பின்னர் பாக்குவின் எண்ணெய் நோபல் சகோதரரையும் ரொத்சைல்ட் குடும்பத்தையும் கொழுக்க வைத்தது. கிணற்றடியில் உழைத்தவனோ 1904 டிசம்பரில் பெரும் வேலைநிறுத்தம் செய்தே முதலாளிகளிடம் ஒரு கூட்டு ஒப்பந்தத்தைப் பெற முடிந்தது. 1920இல் கிணறுகள் தேசியமயமாயின. 1969இல், சுற்றுப்புறத்து வாயு உறிஞ்சப்பட்டமையால், கோயில் தீ அணைந்தது. இன்று அங்கு எரிவது குழாய்வழி வரும் வாயு.

இவ்விடத்தில் நாம் சற்றுச் சங்கடப்படத்தான் வேண்டும். தீயை அணைத்தவை முதலாளியின் கிணறுகளல்ல. மக்களின் பெயரால் இயங்கியவை. குளிரில் விறைக்கும் குழந்தையின் வீட்டுக்கு வெப்பம் தருவது கோயில் தீயைக் காப்பதிலும் மேலானது. இதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் பொதுவுடைமை என்கிறோமே, அந்தப் ‘பொது’வினுள் அடங்குவோர் யார்? கிணறு தோண்டிய தலைமுறை மட்டுமா? இனிப் பிறக்கவிருப்போர்க்கு அதிற் பங்கில்லையா? நூற்றாண்டுகள் நின்றதைச் சில பத்தாண்டுகளில் முடித்துவிடும் உரிமையை எவர் எவரிடம் கேட்டுப் பெற்றனர்? உடைமை கைமாறியதும் இக்கேள்வி தானே தீர்ந்துவிடும் என்று நான் நம்பவில்லை.

குழாய்த் தீயைப் பொய்யென்று நகைப்போரும் உளர். 1975 முதல் அக்கோயில் அரும்பொருட்சாலை. குழாயை மறைக்காதவரை அங்கே ஏமாற்று எதுவுமில்லை. அதே குடாநாட்டில், யானார்தாக் என்னும் குன்றின் அடிவாரத்தில், இயற்கை வாயு இன்றும் தானாகவே எரிகின்றது.